மொத்தமாக மெயில் அனுப்பச் சொந்த சர்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடி, பாரிமுனை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் உள்ள சிறு நிறுவனங்களுக்கு மெயில் சர்வர் அமைத்துத் தருவது என் வேலை. கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ், எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை, வியாசர்பாடி டியூஷன் சென்டர், ராயபுரம் சர்ச் கமிட்டி என்று யார் கூப்பிட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். "எனக்கு அனுப்புங்கள்" என்று கேட்டவர்களுக்கு அனுப்புவது பற்றித்தான் இது. கேட்காதவர்களுக்கு அனுப்ப வழி தேடுபவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

எங்களுக்குச் சொந்த சர்வர் தேவையா சார்?

பாதிப் பேருக்குத் தேவையில்லை. மாதம் ஒருமுறை ஆயிரம் பேருக்கு ஒரு அறிவிப்பு என்றால், மெயில் அனுப்பித் தரும் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கிவிடுங்கள். அமேசானின் எஸ்இஎஸ் போன்றவற்றில் 1000 மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட்தான் ஆகிறது. அந்தக் காசை மிச்சப்படுத்த சர்வர் போடுவது வீண் வேலை. தினமும் அனுப்புகிறீர்கள், வாடிக்கையாளர் விவரம் வெளியாள் கைக்குப் போகக் கூடாது, லாக் (சர்வர் எழுதி வைக்கும் பதிவு) பார்க்கத் தெரிந்த ஒருவர் ஆபீஸில் இருக்கிறார் – இந்த மூன்றும் இருந்தால் மேலே படியுங்கள். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டு இருந்தும் பிரயோஜனமில்லை.

ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. அதிலேயே போட்டுவிடலாமா?

வேண்டாம். வீட்டுக்கும் சின்ன ஆபீஸுக்கும் தரும் பிராட்பேண்ட் இணைப்பில் ஐபி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண் முகவரி) மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாதிரி ஐபிகளிலிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது என்றே ஸ்பேம் தடுக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பு பிபிஎல் என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு தப்பும் செய்யாமலேயே அதில் இருப்பீர்கள். பல இடங்களில் மெயில் வெளியே போகும் போர்ட் 25-ஐயே மூடியிருப்பார்கள். இதோடு கரண்டும் மழையும் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தளத்து மெஷின்கள் என்ன ஆயின என்று வியாசர்பாடிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சரி, விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) வாங்குகிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

ரேம் எவ்வளவு, சிபியு எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த அளவு வேலைக்கு 2 ஜிபி ரேம் தாராளம். கேட்க வேண்டியது வேறு: போர்ட் 25 திறந்திருக்கிறதா, ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியைக் கொடுத்தால் பெயர் சொல்லும் பதிவு) நாமே வைக்க முடியுமா. கூகுள் கிளவுடில் பெரும்பாலும் போர்ட் 25 வெளியே போகாது. அமேசானில் மனுப் போட்டுத்தான் திறக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே சப்போர்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐபி கைக்கு வந்ததும் முதல் வேலை, அதை ஸ்பாம்ஹாஸ் தளத்தில் போட்டுத் தேடுவது. உங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் என்ன ஆட்டம் ஆடினார் என்பது அங்கே தெரிந்துவிடும். பட்டியலில் இருந்தால் அன்றைக்கே வேறு ஐபி கேளுங்கள். "பரவாயில்லை, அப்புறம் எடுத்துவிடலாம்" என்று ஆரம்பித்தால் அது இழுத்துக்கொண்டே போகும்.

மென்பொருளைப் பொறுத்தவரை நான் போடுவது டெபியன் லினக்ஸ், அதன் மேல் மெயிலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், மெயிலில் கையொப்பமிட ஓபன்டிகிம் அல்லது ஆர்ஸ்பேம்டி, வழியில் யாரும் படிக்காமல் காக்கும் டிஎல்எஸ்ஸுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ். லிஸ்ட்டை நிர்வகிக்க லிஸ்ட்மங்க் போதும். இலவசம், பெங்களூருவின் ஜெரோதாவில் உருவானது, வேகமானது.

ரிவர்ஸ் டிஎன்எஸ் என்கிறீர்கள். அதை டொமைன் வாங்கிய இடத்திலா மாற்றுவது?

இல்லை, பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெயரைக் கொடுத்தால் ஐபி கிடைப்பது உங்கள் டொமைன் பக்கம். ஐபியைக் கொடுத்தால் பெயர் கிடைப்பது ஐபி யாருடையதோ அவர்கள் பக்கம், அதாவது விபிஎஸ் கம்பெனியின் பேனலில். இரண்டும் ஒன்றையொன்று காட்ட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் எதிர்முனைக்கு வணக்கம் வைக்கும்போது சொல்லும் பெயரும் அதே பெயராக இருந்தால் வம்பில்லை. புது வகை ஐபியான ஐபிவி6-க்கு ரிவர்ஸ் வைக்காமல் விட்டுவிட்டு, ஜிமெயில் திருப்பி அனுப்புகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-இல் மட்டும் ஓட விடுங்கள்.

மொத்த மெயிலுக்கு என்று ஒரு துணை டொமைன் தனியாக வையுங்கள். விளம்பர மெயிலுக்குப் புகார் வந்தால் அதன் சூடு முதலில் அங்கேயே நிற்கும். முதலாளி பேங்குக்கு அனுப்பும் மெயில் அவ்வளவு சுலபத்தில் ஸ்பேமில் விழாது.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். மூன்றும் ஏன்? ஒன்று போதாதா?

மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட டொமைனின் டிஎன்எஸ்ஸில் வைக்கும் பதிவுகள் இவை. கிளியரிங் ஆபீஸ்காரர்களுக்கு நான் சொல்வது இது. எந்த லாரி உங்கள் சரக்கை எடுத்து வரலாம் என்று கேட்டில் கொடுத்து வைத்திருக்கும் லிஸ்ட் எஸ்பிஎஃப். கண்டெய்னர் கதவில் போட்ட சீல் டிகிம். வழியில் யாராவது திறந்திருந்தால் தெரிந்துவிடும். சீல் இல்லை, லிஸ்ட்டிலும் பெயர் இல்லை என்றால் சரக்கை என்ன செய்வது என்று நீங்கள் எழுதிக் கொடுத்த உத்தரவு டிமார்க்.

நடைமுறையில் தகராறு வரும் இடங்கள் மூன்று. ஒன்று, எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். வெப்சைட் செய்து கொடுத்தவர் முன்பு ஒன்று போட்டிருப்பார், நீங்கள் இன்னொன்று சேர்ப்பீர்கள், இரண்டும் செல்லாமல் போய்விடும். பழையதையும் புதியதையும் ஒரே வரியாக்குங்கள். அந்த வரியைச் சரிபார்க்க 10 முறைக்கு மேல் டிஎன்எஸ் தேடல் தேவைப்பட்டாலும் அது செல்லாது.

இரண்டாவது, டிகிம் சாவி. 2048 பிட் சாவி வையுங்கள். அந்தச் சாவி நீளமானது. டிஎன்எஸ்ஸில் ஒரு சரம் 255 எழுத்தைத் தாண்டக் கூடாது. சில டொமைன் பேனல்கள் தாமாகவே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும், சில சத்தம் போடாமல் வாலை நறுக்கிவிடும். ஒட்டிய பிறகு வெளியிலிருந்து ஒருமுறை கேட்டுப் பார்த்து, கடைசி எழுத்து வரை வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, டிமார்க் பார்ப்பது வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியை. எஸ்பிஎஃப் தேறியிருக்கும், ஆனால் வேறொரு டொமைனுக்காகத் தேறியிருக்கும். டிமார்க் கணக்கில் அது தேறியதாகாது. முதலில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வைத்து, சில வாரம் அறிக்கை படியுங்கள். உங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்று வரும் பட்டியலில் நீங்களே மறந்துபோன பில்லிங் மென்பொருள் ஒன்று கட்டாயம் இருக்கும். அதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் ஸ்பேமுக்குத் தள்ளு, அப்புறம் நிராகரி என்று இறுக்க வேண்டும்.

ஜிமெயில் புதிதாக ஏதோ விதி கொண்டு வந்ததாகச் சொல்கிறார்களே?

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கொண்டு வந்தவை. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5000 அளவுக்கு அனுப்பினால் நீங்கள் மொத்த அனுப்புநர். துணை டொமைன்கள் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. ஒருமுறை அந்த அளவைத் தொட்டுவிட்டால் கூகுள் கணக்கில் எப்போதும் மொத்த அனுப்புநர்தான். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. 0.1-க்குக் கீழே வைத்திருங்கள் என்பது அவர்கள் அறிவுரை. மைக்ரோசாஃப்ட் 2025 மே முதல் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கும் இதே 5000 என்ற அளவை வைத்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்கைக் கட்டாயமாக்கியது.

0.3 சதவீதம் என்றால் 1000 பேரில் 3 பேர் "ஸ்பேம்" பொத்தானை அழுத்துவது. அவ்வளவுதான் இடம்.

பாரிமுனையில் ஒருவர் 2 லட்சம் மெயில் ஐடியை பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்கிறார். நல்ல விலை. வாங்கலாமா?

வாங்கினால் அடுத்த நாளே புது ஐபி தேட வேண்டியிருக்கும்.

அந்த லிஸ்ட்டில் என்னென்ன இருக்கும் என்று சொல்கிறேன். முதலில், செத்த முகவரிகள். அனுப்பியவுடன் "அப்படி யாரும் இல்லை" என்று கொத்துக் கொத்தாகத் திரும்பும். நேற்று வந்த ஐபி, யாருக்கு அனுப்புகிறோம் என்றே தெரியாமல் அனுப்புகிறது என்று ஜிமெயிலுக்கு அங்கேயே புரிந்துவிடும். அடுத்து, பொறி முகவரிகள். எந்த மனிதரும் பயன்படுத்தாத முகவரிகளை ஸ்பேம் தடுப்பு அமைப்புகள் வேண்டுமென்றே இணையத்தில் விட்டு வைக்கின்றன. கைவிடப்பட்ட பழைய முகவரிகளையும் பொறியாக மாற்றுகிறார்கள். அதற்கு ஒரு மெயில் போனாலும், அனுமதி வாங்கி வந்த முகவரி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. மிச்சம் இருப்பவர்கள் உயிருள்ள மனிதர்கள். அவர்கள் உங்கள் கடைப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. அவர்களில் 1000-க்கு 3 பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்தாமல் இருப்பார்களா?

எந்த சர்வர் அமைப்பும் இதிலிருந்து காப்பாற்றாது. நான் சர்வர் போடுவது அரை நாள் வேலை. மெயில் இன்பாக்ஸுக்குப் போகுமா போகாதா என்பதை முடிவு செய்வது உங்கள் லிஸ்ட் எப்படிச் சேர்ந்தது என்பதுதான். அதனால்தான் நான் முதலில் சர்வரைப் பார்ப்பதில்லை, பில் கவுண்டரைப் பார்க்கிறேன்.

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. கல்யாண சீசன், கவுண்டரில் கூட்டம் நெரிகிறது. பில்லிங் திரையில் மெயில் ஐடி இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாதபடி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் சொல்வது இரைச்சலில் காதில் விழவில்லை. கேஷியர் பெண் என்ன செய்வார்? ஏதோ நாலு எழுத்தைத் தட்டி, பின்னால் ஜிமெயில் என்று போட்டு, பில்லை அடித்துக் கொடுத்துவிடுகிறார். அந்த நாலு எழுத்து முகவரி உலகத்தில் யாரோ ஒருவருடையது. அவருக்கு இனி வாராவாரம் பட்டுப்புடவை விளம்பரம் போகும். இன்னொரு பக்கம், ஜிமெயில் என்பதற்கு ஓர் எழுத்து மாறி விழுந்தவை. அந்தப் பெயர்களிலும் டொமைன்கள் உண்டு, அவற்றிலும் பொறி உண்டு.

கேஷியரைத் திட்டிப் பயனில்லை. அந்தக் கட்டத்தைக் கட்டாயம் என்பதிலிருந்து எடுத்துவிடுங்கள். கவுண்டரில் ஒரு கியூஆர் கோடு ஒட்டுங்கள். விருப்பப்பட்டவர் தன் போனில் தானே பதியட்டும். பதிந்ததும் "நீங்கள்தானா?" என்று ஒரு மெயில் போகட்டும், அதில் உள்ள இணைப்பை அழுத்தியவர் மட்டும் லிஸ்ட்டில் சேரட்டும். லிஸ்ட்மங்க்கில் இரட்டை ஒப்புதல் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதுதான் இது. லிஸ்ட் சிறுக்கும். முதலாளிகளுக்கு இது வலிக்கும், தெரியும். ஆனால் திறந்து படிக்கிற 3000 பேர் இருந்தால் வியாபாரம் நடக்கும்.

விலகும் இணைப்பைக் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டால் போதுமா?

போதாது. மெயிலின் தலைப்பகுதியில் அதற்கென்று இரண்டு ஹெடர் (வாசகர் கண்ணில் படாத குறிப்பு வரி) போக வேண்டும்: விலகும் முகவரி ஒன்று, ஒரே கிளிக் என்று அறிவிப்பது ஒன்று. இவை இருந்தால்தான் ஜிமெயில் தானே மேலே விலகும் பொத்தானைக் காட்டும். டிகிம் கையொப்பத்துக்குள் இந்த இரண்டும் அடங்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சில ஆபீஸ்களின் பாதுகாப்பு மென்பொருள் மெயிலில் உள்ள எல்லா இணைப்பையும் தானே திறந்து பார்க்கும். இணைப்பைத் திறந்தாலே விலகிவிடும் என்று வைத்திருந்தால், படிக்கிற ஆளே லிஸ்ட்டிலிருந்து காணாமல் போவார். அதனால்தான் ஒரே கிளிக் முறையில் வெறுமனே திறப்பதை ஏற்காமல், போஸ்ட் வகைக் கோரிக்கை (பொத்தானை அழுத்தும்போது போவது) வந்தால் மட்டும் விலக்க வேண்டும்.

விலகியவரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிடுங்கள். லாகின் கேட்காதீர்கள். "போகிறீர்களே, வருத்தமாக இருக்கிறது" என்று இன்னொரு மெயிலும் அனுப்பாதீர்கள். வெளியே போகிற வழி லேசாக இருந்தால் ஸ்பேம் பொத்தான் பக்கம் கை போகாது.

தமிழில் சப்ஜெக்ட் போட்டால் நடுவில் பெட்டி பெட்டியாக வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் ஆங்கிலத்தில் மட்டும் அனுப்புகிறவர்களுக்கு இது வரவே வராது.

சப்ஜெக்ட்டில் தமிழ் போகும்போது அது பேஸ்64 என்ற முறையில் மாற்றப்பட்டு, துண்டு துண்டாகப் போகிறது. ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. முன்னும் பின்னும் வரும் குறிகளுக்கு 12 போனால் 63. பேஸ்64 நான்கு நான்காகத்தான் நகரும், ஆக 60. அது 45 பைட்டுக்குச் சமம். எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். "டி" என்று எழுதினால் ட ஒன்று, இகரக் குறி ஒன்று என 6.

இப்போது "ஆடித் தள்ளுபடி ஆரம்பம்" என்று போடுங்கள். "ஆடித் தள்ளுபடி" வரை 40 பைட். இடைவெளி ஒன்று, 41. "ஆ" சேர்ந்தால் 44. அடுத்த "ர" மூன்று பைட் கேட்கிறது, ஆனால் துண்டில் மிச்சம் ஒரு பைட்தான். முழு எழுத்தாக அடுத்த துண்டுக்குத் தள்ள வேண்டும் என்பதுதான் விதி. மட்டமாக எழுதிய மென்பொருள் "ர"வை ஒரு பைட் இங்கே, இரண்டு பைட் அங்கே என்று வெட்டிவிடும். வாசகர் பார்ப்பது "ஆ", அப்புறம் பெட்டி, அப்புறம் "ம்பம்". போஸ்ட்ஃபிக்ஸ் மேல் பழி போடாதீர்கள், அது சப்ஜெக்ட்டைத் தொடுவதில்லை. மெயிலை உருவாக்கும் பிஎச்பி நிரலில்தான் கோளாறு இருக்கும். ஒழுங்கான மெயில் நூலகத்துக்கு மாறினால் தீரும்.

உடல் பகுதிக்கும் ஒரு வார்த்தை. கோட்டட் பிரின்டபிள் முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 9 எழுத்தாக வீங்கும், பேஸ்64-இல் 4 எழுத்து. தமிழ் மெயிலுக்கு பேஸ்64 வையுங்கள்.

லிஸ்ட் சுத்தம், சர்வர் தயார். ஆடித் தள்ளுபடிக்கு 40,000 பேருக்கு இன்றைக்கே அனுப்பலாமா?

கூடாது. புது ஐபிக்கு நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. சில நூறில் தொடங்குங்கள், அதுவும் சமீபத்தில் வாங்கியவர்கள், மெயிலைத் திறந்து படிப்பவர்கள். புகாரும் பவுன்ஸும் (போய்ச் சேராமல் திரும்பும் மெயில்) அடங்கியிருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏற்றுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரே டொமைனுக்கு ஒரே சமயத்தில் 20 இணைப்பு வரை திறக்கும். ஜிமெயிலுக்கு அதைக் குறைத்து வையுங்கள். லாகில் 421 என்று வந்தால் "மெதுவாக வா" என்று பொருள். ஆடி ஆஃபர் என்றால் ஆனியிலேயே ஆரம்பிக்க வேண்டும். வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஆடிக்கு மட்டும் எழுந்தால், ஒவ்வொரு வருடமும் புது ஆள்தான்.

பவுன்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

பவுன்ஸில் வரும் எண் 5-இல் தொடங்கினால் நிரந்தரம், 4-இல் தொடங்கினால் தற்காலிகம். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. அந்த நிமிடமே லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். 5.7-இல் தொடங்கினால் ஆள் இருக்கிறார், உங்களைத்தான் ஏற்க மறுக்கிறார்கள்; லிஸ்ட்டைத் தொடாதீர்கள், உங்கள் பக்கத்தைப் பாருங்கள். ஜிமெயிலிலிருந்து 5.7.26 வந்தால் எஸ்பிஎஃப், டிகிம் தேறவில்லை என்று அர்த்தம். 5.1.1, 5.7 இரண்டையும் பிரிக்காமல் எல்லா 5-ஐயும் நீக்கும்படி வைத்திருந்தால், டிகிம் சாவி கெட்ட ஒரு நாளில் நல்ல லிஸ்ட் முழுக்கப் போய்விடும்.

4 என்றால் போஸ்ட்ஃபிக்ஸே 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். நீங்கள் மறுபடி அனுப்ப வேண்டாம்.

"இலவசம்", "ஆஃபர்" போன்ற வார்த்தைகளால்தான் ஸ்பேமில் விழுகிறதா?

அந்தக் காலம் போய்விட்டது. அச்சகத்தில் செய்த நோட்டீஸ் படத்தை அப்படியே ஒற்றை ஜேபெக்காக ஒட்டி, எழுத்தே இல்லாமல் அனுப்புவது அதைவிட மோசம். சுருக்கிய இணைப்புகளும் வேண்டாம். அதே சுருக்கும் தளத்தைத் திருடனும் பயன்படுத்துகிறான்.

ஐபி பிளாக்லிஸ்ட்டில் வந்துவிட்டது. எடுத்துத் தர ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ஸ்பாம்ஹாஸில் நீக்கக் கேட்பதற்குக் காசே கிடையாது. ஆனால் காரணத்தைச் சரிசெய்யாமல் கேட்டால் மறுபடி ஏறும், அடுத்த முறை இறங்குவது கஷ்டம். முதலில் அனுப்புவதை நிறுத்திவிட்டு கியூவை (வெளியே போகக் காத்திருக்கும் மெயில் வரிசை) பாருங்கள். யாரோ ஒருவரின் சுலபமான பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டு வெளியாள் உள்ளே வந்திருப்பான், அல்லது வெப்சைட்டின் தொடர்புப் படிவம் வழியாக அனுப்பிக்கொண்டிருப்பான்.

ட்ராய், டிஎல்டி பதிவு எல்லாம் இதற்கும் வேண்டுமா?

அது தொலைத்தொடர்பு ஆணையமான ட்ராய் எஸ்எம்எஸ்ஸுக்கும் அழைப்புக்கும் கேட்கும் பதிவு. மெயிலுக்கு இல்லை. அதற்காகச் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. கவுண்டரில் ஒரு நொடியில் வாங்கிய ஐடியை நீக்க, கடைக்கு நேரில் வரச் சொல்ல முடியாது.

இன்னொன்று, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். டெபியனில் மெயில் லாக் நாலு வாரத்தில் அழிந்துவிடும்படிதான் வரும். சர்வர் போட்ட அன்றே அதை 26 வாரமாக மாற்றுங்கள். சர்வரில் யாராவது புகுந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு.

தினமும் என்ன பார்ப்பது?

கியூவின் நீளம், கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் ஸ்பேம் சதவீதம். டிஎல்எஸ் சான்றிதழ் தானே புதுப்பிக்கிறதா என்று மாதம் ஒருமுறை.

நீங்களே நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விட்டால் யார் பார்ப்பார்கள்?

அதற்குத்தான் டொமைன், டிஎன்எஸ், விபிஎஸ் மூன்று கணக்கும் உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் கார்டில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்வேன். செட்டப் செய்கிறவர் தன் சொந்த மெயிலில் கணக்குத் தொடங்கினால் சம்மதிக்காதீர்கள். இந்தக் கணக்குகளின் மீட்பு முகவரியாக இதே டொமைனில் உள்ள மெயிலையும் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் "புதுப்பியுங்கள்" என்ற மெயில் எந்த டொமைன் செத்துவிட்டதோ அதற்கேதான் வரும். வெளியில் ஒரு மெயில் முகவரி, அதன் பாஸ்வேர்டு முதலாளியிடமும் கணக்கரிடமும். டிகிம் சாவியின் நகல் ஒன்று சர்வருக்கு வெளியே பத்திரமாக இருக்கட்டும்.